குல்மார்க் பனிமலை மேல மதியச் சாப்பாடு: கிருஷ்ணகிரியில இருந்து போறவங்களுக்கு

காவேரிப்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "பிப்ரவரியில குடும்பத்தோட ஆறு பேர் குல்மார்க் போறோம் அண்ணா. கேபிள் கார்ல மேல போனா அங்கயே மதியம் சாப்பிட முடியுமா, இல்ல கட்டுச்சோறு கட்டிக்கணுமா? அம்மாவுக்கு 67 வயசு, சர்க்கரை இருக்கு, சுத்த சைவம். பையனுக்கு ஒன்பது வயசு. மேல உட்காரவே இடம் கிடைக்காதுன்னு பயமுறுத்துறாங்க."

பயமுறுத்தினவங்க பொய் சொல்லல தம்பி. நான் ராணுவத்துல ஏ.எஸ்.சி.யில, அதாவது சப்ளைப் பிரிவுல இருந்தவன். காஷ்மீர்ல மூணு குளிர்காலம் லங்கர்ல (எங்க சமையல்கட்டுக்கு அதான் பேரு) கழிஞ்சுது. இப்ப கிருஷ்ணகிரியில சின்னதா ஒரு மெஸ் வச்சிருக்கேன். 2023-ல வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு டூரிஸ்டாவும் ஒரு தடவை போய் வந்தேன். சமைக்கிறவனாவும் பார்த்திருக்கேன், தட்டைத் தூக்கிக்கிட்டு இடம் தேடுறவனாவும் அலைஞ்சிருக்கேன். அலைஞ்சதுலதான் பாடம் ஜாஸ்தி.

முதல்ல நேரா பதில். மேல சாப்பிட முடியும். ஆனா மேல போய்த்தான் பசியாறணும்னு கணக்கு போடாதீங்க. காலையில கீழயே நல்லா சாப்பிட்டுருங்க. மேல சூடா ஒரு கிண்ணம் ஏதாவது, அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிடுற சாப்பாட்டை கீழ இறங்கி வந்ததுக்கு அப்புறம் வச்சுக்குங்க.

ஏன்னு சொல்றேன். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்துல இருக்கு. ஊட்டி தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது நாம ஊட்டியில உச்சின்னு போட்டோ எடுக்கிற உயரம்தான் அங்க தரை மட்டம். அங்கிருந்து கேபிள் கார், அங்க எல்லாரும் 'கோண்டோலா'ன்னுதான் சொல்வாங்க, ரெண்டு கட்டமா ஏறுது. முதல் கட்டம் கோங்டூரி, 3,000 மீட்டரைத் தாண்டி. ரெண்டாவது கட்டம் அஃபர்வட் மலை, அதுக்கும் மேல பல நூறு மீட்டர். முதல் கட்டம் 1998-லயும் ரெண்டாவது 2005-லயும் ஓட ஆரம்பிச்சுது. மேல சாப்பாடுன்னு நீங்க கேட்கிற இடம் கோங்டூரிதான். அஃபர்வட்டுல சாப்பாட்டை நம்பிப் போகாதீங்க. அங்க பத்து நிமிஷம் நின்னு பார்த்தா காத்தே உங்களைக் கீழ அனுப்பிரும்.

இந்தக் கோங்டூரியை நம்ம கிருஷ்ணகிரி மாதிரி நினைச்சுக்குங்க. சென்னை ரோடு, பெங்களூரு ரோடு, சேலம் ரோடு, திருவண்ணாமலை ரோடு எல்லாம் வந்து முட்டுற இடம்ல நம்ம ஊரு? அங்கயும் அதே கதைதான். கீழ இருந்து புதுசா வர்றவங்க, அடுத்த கட்டத்துக்கு வரிசையில நிக்கிறவங்க, அஃபர்வட்ல இருந்து விறைச்சுப்போய் இறங்குறவங்க, பனிச்சறுக்கு விடுறவங்க, கையில ஸ்லெட்ஜ் (பனியில இழுக்கிற பலகை வண்டி) கயித்தைப் பிடிச்சுக்கிட்டு "பையா, பையா"ன்னு (இந்தியில அண்ணா) கூப்பிடுறவங்க, எல்லாருக்கும் ஒரே நாலு கடை. பன்னண்டரையில இருந்து ரெண்டு மணிக்குள்ள இவ்வளவு பேருக்கும் ஒரே சமயத்துல பசிக்குது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்ல மீன் வறுவல் கடை முன்னாடி நின்னிருக்கீங்கல்ல? அதுல குளிரைச் சேர்த்துக்குங்க. ஒரு வித்தியாசம். ஒகேனக்கல்ல இடம் இல்லன்னா பாறை மேல இலையை விரிச்சு உட்காரலாம். இங்க வெளிய உட்கார்ந்தா தட்டுல இருக்கிறது ஆறுறதுக்கு முன்னாடி நீங்க ஆறிருவீங்க.

அதனால நேரம்தான் முதல் விஷயம். பதினொன்றரைக்குள்ள உள்ள போய் உட்கார்ந்துருங்க, இல்லன்னா ரெண்டே காலுக்கு அப்புறம் போங்க. பனிச்சறுக்கு விடுற வெளிநாட்டுக்காரங்களைக் கவனிச்சா தெரியும், பழகினவன் பதினொரு மணிக்கே சூப்பைக் குடிச்சுட்டு, கூட்டம் தட்டோட அலையுற நேரத்துல காலியான சரிவுல இறங்கிக்கிட்டிருப்பான். நாங்க 2023-ல மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு கடையில முக்கால் மணி நேரம் நின்னோம். மேஜை காலியாகும் காலியாகும்னு பார்த்தா ஒருத்தரும் எழுந்திருக்கல. எப்படி எழுந்திருப்பாங்க? உள்ள 'புகாரி' எரியுது. அது தகரத்துல செஞ்ச விறகு அடுப்பு, புகைக்குழாய் கூரை வழியா வெளிய போகும். அதைச் சுத்தி உட்கார்ந்தவன் சாப்பிட்டு முடிச்சாலும் டீ சொல்வான், டீ முடிஞ்சா இன்னொரு டீ சொல்வான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். கடைசியில சுவரோரமா நின்னுக்கிட்டே சாப்பிட்டோம்.

அந்தத் தட்டை மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன். ராஜ்மா சாவல். எவர்சில்வர் தட்டுல சோறு, மேல சிவப்பு ராஜ்மா, அதுக்கு மேல ஒரு கரண்டி நெய்யோ டால்டாவோ. வாங்கும்போது ஆவி என் கண்ணாடியை மூடிருச்சு, ஒண்ணும் தெரியல. கையுறையைக் கழட்டி, கண்ணாடியைத் துடைச்சு, ஸ்பூனைத் தேடி எடுக்கிறதுக்குள்ள தட்டு ஓரத்துல அந்த நெய் வெள்ளையா உறைஞ்சு கோலப்பொடி இழுத்த மாதிரி நிக்குது. நடுவுல மட்டும்தான் சூடு. வீட்டம்மா "நடுவுல இருந்து சாப்பிடுங்க, ஓரத்தை விட்டுருங்க"ன்னாங்க. சின்னக் குழந்தைக்கு ஓரத்துல இருந்து ஊட்டுற நம்ம ஊர் முறை அங்க அப்படியே தலைகீழ்.

இப்ப சமையல்காரனா ஒரு விஷயம். உயரம் ஏற ஏற தண்ணி சீக்கிரம் கொதிச்சுரும், ஆனா கொதிக்கிற தண்ணியோட சூடு குறையும். சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கிருஷ்ணகிரியில 98 டிகிரியில கொதிக்கிற தண்ணி கோங்டூரியில 90 டிகிரியிலயே தளதளன்னு கொதிக்கும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வேலை ஒரே மாதிரி நடக்காது. முதல் வருஷம் எனக்கு இது புரியல. ஒரு போஸ்ட்ல நம்ம தர்மபுரி பக்கத்துப் பசங்க அஞ்சாறு பேர் இருந்தாங்க. ஊர் ஞாபகத்துல, லீவு முடிஞ்சு வந்த ஒருத்தன் கொண்டுவந்த ராகி மாவுல களி கிண்டி, துவரம்பருப்பு கடைசல் வைக்கலாம்னு உட்கார்ந்தேன். களி அருமையா வந்துருச்சு. மாவு வேக அவ்வளவு சூடு வேண்டாம், கை வலிக்கக் கிண்டினா போதும். பருப்புதான் ரெண்டு மணி நேரம் திறந்த பாத்திரத்துல கொதிச்சும் கல்லு மாதிரி கிடந்துச்சு, மண்ணெண்ணெய்தான் தீர்ந்துச்சு. அன்னிக்கு களியை வெறும் மிளகாய் ஊறுகாயோட முழுங்கினோம். குக்கர் இல்லாம மலையில பருப்பு வேகாதுங்கிறதை ஒரு ஹவில்தார் கிட்ட திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டேன்.

இது உங்களுக்கு எதுக்குன்னா, மேல கடையில என்ன வாங்கணுங்கிறது இதுலதான் இருக்கு. ராஜ்மா காலையில குக்கர்ல வெந்தது. பதினொன்றரைக்கு கெட்டியா நல்லா இருக்கும். கூட்டம் ஏற ஏற மறுபடி வேக வைக்க நேரம் இருக்காது, தண்ணி சேர்ந்துக்கிட்டே வரும். ரெண்டு மணி ராஜ்மாவுல பயறு மேல மிதக்கும். இந்தியாவுல எந்த மலைக்குப் போனாலும் மேகி ஏன் ராஜாவா உட்கார்ந்திருக்குன்னு நிறைய பேர் சிரிப்பாங்க. சிரிக்க ஒண்ணும் இல்ல. அது ஏற்கெனவே வெந்து, எண்ணெயில பொரிஞ்சு வந்த சேமியா, 90 டிகிரி தண்ணியே அதுக்கு ஜாஸ்தி. காலையில வந்தா ராஜ்மா, தாமதமா வந்தா மேகி. தோசை, மசாலா தோசைன்னு எழுதிப் போட்டிருந்தா திரும்பிப் பார்க்காம நடங்க. மாவு புளிக்கிற குளிரா அது?

சைவத்துக்கு வருவோம். காஷ்மீரிகளோட பெருமை ஆட்டுக்கறியிலதான். ரோகன் ஜோஷ், யக்னி, கபாப் எல்லாம் பிரமாதம், நீங்க சாப்பிடுவீங்கன்னா ஸ்ரீநகர்ல சாப்பிடுங்க. அம்மாவுக்கு மேல ராஜ்மா, சோறு, ஆலு பராட்டா, மேகி இதுதான் சுத்து. குழம்புல கரண்டி மாறும், அதே கல்லுல முட்டையும் போடுவாங்க. அம்மா அதெல்லாம் பார்க்கிறவங்கன்னா "வைஷ்ணோ" போர்டு போட்ட கடையைத் தேடுங்க. வடக்க சுத்த சைவத்துக்கு அந்தப் பேருதான். அது மேல கிடைக்கிறதைவிட கீழ மலையடிவாரத்து டங்மார்க் ஊர்லயோ ஸ்ரீநகர்லயோ கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஹாக்னு ஒரு கீரை, நத்ருன்னு தாமரைத் தண்டு, கீழ கிடைச்சா ரெண்டையும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்க. ஹாக் நம்ம வீட்டுக் கீரை மாதிரியே, ஆனா கடையாம தண்ணியா விடுவாங்க. பேச்சுக்குக் கவலை வேண்டாம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில காது பழகின உருது உங்களுக்கு அங்க நாலு காசு பெறும். "கரம் பானி" (வெந்நீர்), "கம் மிர்ச்" (காரம் கம்மி), இந்த ரெண்டும் போதும்.

கட்டுச்சோறு கேட்டிருந்தீங்க. கட்டலாம், ஆனா நம்ம வழக்கமான லிஸ்ட் அங்க தோத்துரும். தயிர்சோறு வேண்டவே வேண்டாம், அது ஐஸ் கட்டி ஆகிரும். இட்லி ஆறிப்போனா பல்லுக்கு வேலை. சப்பாத்தி அப்பளம் மாதிரி ஒடியும், அதைச் சட்டைக்குள்ள வயித்தோட ஒட்டி வச்சிருந்தா மட்டும் பிழைக்கும், நாங்க அப்படித்தான் வச்சிருப்போம். புளிசோறு தாங்கும், ஆனா நல்லெண்ணெய்ல கிளறணும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழயே உறையுற ஜாதி, மெழுகு தின்ன மாதிரி இருக்கும். சோறையும் டப்பாவுல இல்லாம, சூடு தாங்குற ஹாட்பேக்ல போட்டு, அதைத் துண்டுல சுத்தி, பைக்கு நடுவுல வையுங்க. நிப்பட்டு, வேர்க்கடலை உருண்டை, எள்ளுருண்டை எவ்வளவு எடுத்துட்டுப் போனாலும் தீரும். நம்ம ஊர்ல பேக்கரியில அஞ்சு ரூபாய்க்கு வாங்குற கடலை உருண்டைக்கு அங்க மதிப்பே தனி. பையனோட ஜாக்கெட் பாக்கெட்ல ரெண்டு எப்பவும் இருக்கட்டும்.

எல்லாத்தையும்விட முக்கியமான சாமான் ஒண்ணு: நல்ல ஃப்ளாஸ்க் ரெண்டு. ஒண்ணுல வெந்நீர், ஒண்ணுல உப்புப் போட்ட ராகிக் கஞ்சி. காலையில ஹோட்டல்ல சொன்னா வெந்நீர் நிரப்பித் தருவாங்க. ராகி மாவை வீட்டுலயே வறுத்து எடுத்துட்டுப் போனா கெட்டில்லயே காய்ச்சிரலாம். மேல எந்த மேஜையும் கிடைக்கலன்னாலும் ஒரு தூண் ஓரமா நின்னு அம்மாவுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் கொடுக்கலாம். கடைகள்ல உட்கார்ந்து வெளிச் சாப்பாட்டைப் பிரிச்சா முகம் சுளிப்பாங்க. அது நியாயம்தான், என் மெஸ்ல செஞ்சா நானும் சுளிப்பேன். ஆறு பேருல நாலு பேருக்கு அங்க வாங்கிட்டு, அம்மாவுக்கு மட்டும் கஞ்சின்னா யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.

அம்மா சர்க்கரை விஷயத்தைக் கொஞ்சம் கவனமா படிங்க. உயரத்துல பசி மந்தமாகும். காலையில மாத்திரையைப் போட்டுட்டு, மேல "எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா"ன்னு சொல்லிருவாங்க. குளிர்ல நடுங்குற உடம்பு உள்ள இருக்கிற சர்க்கரையையும் எரிச்சுக்கிட்டிருக்கும். சர்க்கரை இறங்குற நடுக்கமும் குளிர் நடுக்கமும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும். அதனால பசிக்குதோ இல்லையோ, மணி பார்த்துக் கொடுங்க. இன்சுலின் போடுறவங்கன்னா அது உறையக்கூடாது, உறைஞ்சுட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். தோள்பையில வைக்காம உள்சட்டைப் பாக்கெட்ல உடம்புச் சூட்டுல வையுங்க. சர்க்கரை பார்க்கிற மெஷினும் கடுங்குளிர்ல எர்ரர் காட்டும், அதுவும் உள்ளயே இருக்கட்டும். மாத்திரை அளவு மாத்தணுமான்னு கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. மேல தலைவலி, குமட்டல்னு சொன்னா "சாப்பிட்டா சரியாயிரும்"னு வற்புறுத்தாதீங்க. அது பசி இல்ல, உயரம். கீழ கூட்டிட்டு வந்துருங்க. என்னைக் கேட்டா அம்மா கோங்டூரியோட நிக்கட்டும், அஃபர்வட் வேண்டாம்.

பணம். இதுல நான் நல்லா மாட்டினேன். நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள்ள வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும். என்னோடது ப்ரீபெய்ட். வீட்டம்மா போன் போஸ்ட்பெய்ட், ஆனா குளிர்ல பேட்டரி நாற்பது சதவீதத்துல இருந்து பொசுக்குனு அணைஞ்சுருச்சு. ஜிபே, போன்பே ரெண்டும் அவுட். பர்ஸ்ல நூத்தி எண்பது ரூபா. ஒரு தட்டு ராஜ்மாவை ரெண்டு பேர் பங்கு போட்ட ரகசியம் அதுதான். சில்லறையா பணம் வையுங்க, ஐநூறு நோட்டை நீட்டினா கூட்ட நேரத்துல மீதி வர்றதுக்குள்ள சாப்பாடு ஆறிரும். போனையும் இன்சுலினோட பக்கத்துலயே வச்சுக்குங்க.

கோண்டோலா டிக்கெட்டை இங்கயே ஆன்லைன்ல போட்டுருங்க. சீசன்ல பல நாளுக்கு முன்னாடியே தீர்ந்துரும். காலை முதல் நேரத்துக்கே எடுங்க. பதினொன்றரைக்குச் சாப்பிடுங்கன்னு நான் சொல்றது அதை வச்சுத்தான் நடக்கும். மேல போனதும் கடையைத் தேடுறதுக்கு முன்னாடி, கடைசி கேபின் எத்தனை மணிக்குக் கீழ இறங்குதுன்னு கேட்டுருங்க. காத்து எழுந்தா சொல்லாமக்கூட நிறுத்துவாங்க. "வரிசை நீளமா இருக்கு, கொஞ்சம் சாப்பிட்டுட்டு வரலாம்"னு நினைக்கிற ஆளுதான் மாட்டுவான். வரிசை குறையாது தம்பி, சாயங்காலம் ஆக ஆகக் கூடும்.

பையன் ஸ்கீ கத்துக்கணும்னு சொல்வான், சொல்லாம இருக்க மாட்டான். அந்த ஊர்ல 1948-லயே ராணுவம் பனிச்சறுக்குப் பள்ளி ஆரம்பிச்சுருச்சு, இப்ப அது உயர்மலைப் போர்ப் பள்ளி. அதனால ஊருல பாதிப் பேருக்கு ஸ்கீ தண்ணிபட்ட பாடு. ஒரு மணி நேரம் கீழ மைதானத்துலயே கத்துக் கொடுக்கச் சொல்லுங்க. சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, அந்த ஸ்கீ பூட்ஸ். பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும், கணுக்கால் மடங்காது. அதைப் போட்டுக்கிட்டு கடைக்குள்ள வந்தா, எல்லார் ஷூவுல இருந்தும் உருகின பனித்தண்ணி தரையில குளம் கட்டியிருக்கும். கையில சூடான மேகியோட ஒரு வெளிநாட்டுப் பையன் சர்ருனு வழுக்கி என் காலடியில வந்து நின்னதைப் பார்த்தேன். கிண்ணத்தை மட்டும் சிந்தாம மேல தூக்கிப் பிடிச்சிருந்தான், சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க. குதிகாலை முதல்ல ஊனி, மெதுவா நடக்கச் சொல்லுங்க. உட்கார்ந்ததும் பக்கிளைத் தளர்த்தி விடுங்க, இல்லன்னா கால் மரத்துப்போகும். தட்டைப் பெரியவங்கதான் தூக்கணும். ஈரக் கையுறையை புகாரி மேல காயப் போடாதீங்க, ரெண்டே நிமிஷத்துல உருகி ஒட்டிக்கும், கடைக்காரன் கத்துவான்.

குடிக்கிறதுக்கு: காவா. கிரீன் டீயில குங்குமப்பூ, ஏலக்காய், பட்டை, மேல பாதாம் துருவல். சர்க்கரை போட்டுத்தான் கொதிக்க வைப்பாங்க, அம்மாவுக்கு முன்கூட்டியே "சீனி இல்லாம"ன்னு சொல்லணும். நூன் சாய்னு ரோஸ் கலர்ல ஒரு டீ உண்டு, அது உப்பு டீ. பையன் கலரைப் பார்த்து ரோஸ்மில்க்னு கேட்பான், வாங்கிக் கொடுத்து முகத்தை வீடியோ எடுங்க.

மூணு மணிக்குள்ள இறங்கிட்டீங்கன்னா குல்மார்க்லயோ, 13 கிலோமீட்டர் கீழ டங்மார்க்லயோ நிம்மதியா உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். பனி ஜாஸ்தியா இருந்தா சக்கரத்துல சங்கிலி கட்டின உள்ளூர் வண்டியிலதான் டங்மார்க்குக்கும் குல்மார்க்குக்கும் போகணும், வாடகை பூட்ஸும் கோட்டும் டங்மார்க்லயே எடுப்பீங்க, திருப்பிக் கொடுக்க அங்க நின்னே ஆகணும். அந்த நேரத்தையே சாப்பாட்டு நேரமா வச்சுக்குங்க. நம்ம டோல்கேட் வழியா ஓசூர்ல இருந்து தர்மபுரிக்கு ஓடுற 44-ம் நம்பர் ரோடு ஆரம்பிக்கிறதே ஸ்ரீநகர்லதான். டிரைவர்கிட்ட அதைச் சொன்னேன். மனுஷன் நம்பல, மேப்பைக் காட்டினதும் சிரிச்சு எங்களுக்கு ஒரு காவா வாங்கிக் கொடுத்தார்.

கடைசியா ஒண்ணு. ஆறு பேருக்கு ஒரே தடவையில ஆறு மேகி சொல்லாதீங்க. ரெண்டு ரெண்டா சொல்லுங்க, சூடா இருக்கும்போதே முடியும். முதல் ரெண்டுல ஒண்ணு அம்மாவுக்கு.